இரு கல் பெருக்க ஆணை

தீர்த்தகிரியின் வீடு எங்கே இருக்கிறது என்பது தீர்த்தகிரிக்குத் தெரியும். அவர் மனைவி மாதம்மாளுக்குத் தெரியும். மேய்ந்துவிட்டுத் தாமாகத் திரும்பி வரும் ஆறு ஆடுகளுக்கும் தெரியும். ஜவ்வாது மலையில் ஏறி, தேன்பாறையில் தீர்த்தகிரி வீடு எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். தெரியாதது ஒடுகத்தூரில் இருந்த எல்லை நிர்ணயத் தனி அலுவலகத்துக்கு மட்டும்தான். அதைத் தெரிந்துகொள்வதற்காகவே அந்த அலுவலகத்தை வைத்திருந்தார்கள்.

தீர்த்தகிரிக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கூரைக்குப் புல் மாற்ற வேண்டும். பழைய புல் நான்கு மழை பார்த்து மக்கிவிட்டது. மழை பிடித்தால் மாதம்மாள் வீட்டிலிருக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைப்பாள். சோறு ஆக்க ஒரு பானை மிஞ்சாது. முன்பெல்லாம் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லும் மூங்கிலும் அறுத்து வருவார்கள், மூன்று நாளில் வேலை முடியும். 1979-இல் ஆணை வந்தது. அதிலிருந்து எல்லைக்கு உள்ளே வீடு இருப்பவன்தான் புல் அறுக்கலாம். உள்ளேதான் இருக்கிறான் என்பதற்கு உள்ளிருப்புச் சான்று வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தால் புல் இல்லை. அதோடு வீடும் இல்லை, இடித்துவிடுவார்கள்.

எல்லை என்றால் நீங்களும் நானும் நினைக்கிற மாதிரி நேராக ஒரு கோடு போட்டிருக்கலாம். அங்கேதான் தகராறு. மலையில் மரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு துறை, மண்ணைப் பார்த்துக்கொள்ள ஒரு துறை. இரண்டுக்கும் தனித்தனியே கல் உண்டு, மரக்கல், மண்கல் என்று. எங்கள் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும் என்றது ஒன்று. அப்படியானால் எங்கள் கல் எதற்கு என்றது மற்றது. பதினான்கு கூட்டம் போட்டார்கள். பதினான்காவது கூட்டத்தில், ஓர் இடத்துக்கு மண்கல்லிலிருந்து உள்ள தூரத்தையும் மரக்கல்லிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்க வேண்டும், வருகிற தொகை நூற்று இருபத்தொன்றுக்கு மேல் போகாவிட்டால் அந்த இடம் உள்ளே, போனால் வெளியே என்று முடிவாயிற்று. அளவு சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி.

அலுவலகத் திறப்பு விழாவில், மண் துறையிலிருந்து வந்த தனி அலுவலர் பாண்டுரங்கன் இதை விளக்கிப் பேசினார். மலையிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களில் தீர்த்தகிரியும் ஒருவர்.

"கூட்டல் ஏன் வேண்டாம் என்றோம்? கூட்டினால் எங்கள் தூரமும் அவர்கள் தூரமும் கலந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. பெருக்கலில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் கல்மேலேயே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். எங்கள் தூரம் பூஜ்யம். பூஜ்யத்தால் பெருக்கினால், எதிர்த் துறை எவ்வளவு பெரிய துறையானாலும் பூஜ்யம்! அவர்களுக்கும் இதே வசதி உண்டு. இதற்குப் பெயர்தான் சமத்துவம். ஜனங்களுக்குப் புரியவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். புரிந்துவிட்டால் அலுவலகம் எதற்கு?"

கைதட்டினார்கள். தீர்த்தகிரியும் தட்டினார். தட்டினால் டீ கொடுத்தார்கள்.

அளக்க ஆள் வந்தது. மண்கல் சுலபமாகக் கிடைத்தது. மரக்கல் கிடைக்கவில்லை. எப்போதோ யாரோ அதை அம்மி ஆக்கியிருக்க வேண்டும். மலையேறி வந்த அளவைக்காரருக்கு நா வறண்டு, கால் வீங்கி, திரும்பிப் போனால் போதும் என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாமைக் கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டோடு நின்றது. மலைக்காரர்கள் அரசாங்கக் கல்லையும் விடுவதில்லை, நட்டுவைத்த கல் எதற்கும் மஞ்சள் பூசிவிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே இதுதான் மரக்கல் என்று எழுதிக்கொண்டார். அடையாளம் என்ற கட்டத்தில் 'மஞ்சள், மூன்று பொட்டு' என்றும், இருப்பிடம் என்ற கட்டத்தில் 'கல் இருக்கும் இடம்' என்றும் நிரப்பினார்.

அது கொல்லைச்சாமி. தீர்த்தகிரி குடும்பத்துச் சாமி. அவர் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் முதல் மழை விழுந்த மறுநாள், அந்த வருஷம் எங்கே முதல் பிடி விதை போடுகிறார்களோ அங்கே சாமியைத் தலையில் சுமந்து கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு அடுத்த கோடை மழை வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. "சாமிங்க அது" என்று தீர்த்தகிரி அளவைக்காரரிடம் சொல்லத்தான் செய்தார். "சாமியா இருந்தா இன்னும் நல்லதுதானய்யா, எவனும் புடுங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

படம் வரைந்து வந்தது. வரைபவர் ராஜாக்கண்ணு, கணியம்பாடிக்காரர், அந்த அலுவலகத்தில் கணக்குப் படித்த ஒரே ஆள். தீர்த்தகிரியைப் பெஞ்சில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். படத்தில் இருந்தது வேர்க்கடலை வடிவத்தில் ஒரு வளைவு.

"இன்னாங்க சார் இது, மல்லாட்டை மாதிரி இருக்குது?"

"மல்லாட்டையேதான் பெரியவரே. ரெண்டு பருப்பு இருக்கிற மல்லாட்டை. இந்தப் பருப்பு இருக்கிற எடத்துல மண்கல்லு, அந்தப் பருப்புல உங்க கல்லு. ரெண்டுக்கும் நடுவுல இருபது சங்கிலி. நடு இடுப்பு ஒட்டினாப்ல இருக்குது பாருங்க, அங்கதான் உங்க வூடு. இதுல இருந்து பத்து, அதுல இருந்து பத்து. பத்துப் பத்து நூறு. நூத்தி இருவத்தொண்ணுக்குள்ளதான இருக்குது? நீங்க உள்ள."

"இந்த வளைவு யாரு சார் கண்டுபுடிச்சது?"

"காசினின்னு ஒரு வானசாஸ்திரி. முன்னூறு வருசம் ஆவுது. கிரகமெல்லாம் இந்த வழியிலதான் சுத்துதுன்னு சொன்னாரு."

"சுத்துதா?"

"ஒண்ணுகூட சுத்தலை. அதுக்கப்புறம் யாருக்கும் பிரயோசனம் இல்லாம கெடந்துது. இப்ப நம்ம ஆபீஸுக்கு வந்திருக்குது."

சான்று எழுதி, கையெழுத்துக்கு மேஜைக்குப் போயிற்று. மேஜையில் நான்கு மாதம் இருந்தது. ஐந்தாவது மாதம் மேலிடத்திலிருந்து திருத்தம் வந்தது. நூற்று இருபத்தொன்று என்பது ஞாபகம் வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருப்பதால் நூறு என்று முழு எண்ணாக மாற்றப்படுகிறது.

ராஜாக்கண்ணு புதுப் படம் போட்டார். மல்லாட்டையின் இடுப்பு இறுகி இறுகி ஒரே புள்ளியாகி, எட்டைப் படுக்கப்போட்டது போல் இரண்டு வளையமாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் தீர்த்தகிரியின் வீடு. வீடு என்றால் முழு வீடு அல்ல. அளந்து பார்த்தபோது அந்தப் புள்ளி அடுப்புக்கும் உரலுக்கும் நடுவே விழுந்தது.

"நீ உள்ளேதான் இருக்கிறாய், கவலைப்படாதே" என்றார் பாண்டுரங்கன். "அந்தப் புள்ளி சட்டப்படி உன்னுடையது. ஆனால் புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. அதற்குள் நீ தாராளமாகக் குடியிருக்கலாம்."

"நானும் பொண்டாட்டியும் இருக்கறோம்ங்க சார்."

"இரண்டு பேர் என்றால் மனு கொடு. பரிசீலிப்போம்."

மனு கொடுத்தார். அடுத்த மாதம் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். தேன்பாறையிலிருந்து விடியும் முன்னே இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடித்து, பத்து மணிக்கு ஒடுகத்தூர். அதிகாரி வேலூர் போயிருப்பார். இருந்தால் கோப்பு வேலூர் போயிருக்கும். இரண்டும் இருந்தால் கரண்ட் இருக்காது. கோபப்படக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது. கோபம் வந்தால் அதையும் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டுமே என்று விட்டுவிட்டார். பியூன் ரங்கசாமிக்கு அவர் முகம் பழகிவிட்டது; அவர் வராத மாதம் ஏதாவது உடம்பா என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

இதற்குள் கோடை வந்தது, முதல் மழையும் விழுந்தது. தீர்த்தகிரி குளித்து, சும்மாடு கட்டி, சாமியைத் தலையில் தூக்கி, அந்த வருஷத்துக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தார். பழைய இடத்திலிருந்து, வீட்டை விட்டு விலகி, நேரே மேற்கே இரண்டு சங்கிலி தூரம். ஒரு பிடி சாமை விதைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். காலங்காலமாகச் செய்கிற காரியத்தைச் செய்தோம் என்ற நினைப்புத்தான் அவருக்கு. தன் வீட்டைத் தானே தலையில் சுமந்து வெளியே வைத்துவிட்டு வந்தது தெரியாது.

அடுத்த முறை போனபோது, வனக்காவலர் அளந்து எழுதிய அறிக்கை வந்திருந்தது. ராஜாக்கண்ணுவின் முகமே சரியில்லை.

"இன்னா பெரியவரே இப்படிப் பண்ணிட்டீங்க? மண்கல்லுல இருந்து பத்து, உங்க கல்லுல இருந்து இப்ப பன்னண்டு. நூத்தி இருவது. நூறுதான் கணக்கு. வளைவு ரெண்டா அந்துபோச்சு பாருங்க. இங்க ஒரு முட்டை, அங்க ஒரு முட்டை. உங்க புளியமரம் இந்த முட்டையில. கொல்லை அந்த முட்டையில. வூடு நடுவுல, வெளிய."

"சாமிய நான் பழைய எடத்துலயே வெச்சிடட்டுங்களா?"

"அடுத்த கோடை மழை வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. தொடக்கூடாது" என்றார் தீர்த்தகிரி.

அதிகாரியிடம் போய் நின்றார். அது சாமி, அரசாங்கக் கல் இல்லை, அளவைக்காரர் தெரியாமல் எழுதிவிட்டார் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பாண்டுரங்கன் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"இதோ பார். அலுவலகம் தவறாக எழுதியது என்று நான் எழுத முடியாது. எழுதினால் அதை எழுத ஒரு படிவம் வேண்டும், அப்படி ஒரு படிவம் இல்லை. ஆணையில் இருப்பிடம் என்ன போட்டிருக்கிறது? கல் இருக்கும் இடம். கல் எங்கேயோ எல்லை அங்கே. கல் நடந்தால் எல்லையும் கூடவே நடக்கும். இதில் எனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு ஒன்றும் கிடையாது."

தீர்த்தகிரிக்கு ஒன்று தோன்றியது. "அப்ப அடுத்த கோடைக்குச் சாமிய என் வூட்டு வாசல்லயே வெச்சி, அங்கயே ஒரு பிடி விதை போட்டுடறேன்ங்க. தூரமே இல்ல. பூஜ்யந்தான வரும்? நீங்கதான் அன்னிக்கு சொன்னீங்க."

அதிகாரி ஒரு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். அப்போது எழுதியதுதான் துணை விதி ஏழு. மரக்கல்லைச் சுற்றி ஐந்து சங்கிலிக்குள் கூரை வேய்ந்த எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் கூரை, பிறகு சுவர் என்று அகற்றப்படும்.

"கல்லுக்கு மரியாதை வேண்டும். வெளியே இருக்கிற வீடுகளையும் மரக்கல்லுக்கு எது கிட்டத்திலோ அதிலிருந்து வரிசையாகத்தான் இடிப்போம். ஒன்றாம் எண் முடியாமல் இரண்டாம் எண்ணைத் தொட மாட்டோம். யார் வீடு, எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாளைக்கு இந்த அலுவலகமே ஆனாலும் இடிக்கச் சொல்வேன்" என்றார். சொல்லிவிட்டுத் தாமே அதில் நெகிழ்ந்துபோய், ராஜாக்கண்ணுவைக் கூப்பிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தையும் விதியோடு சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

தீர்த்தகிரிக்கு நோட்டீஸ் வந்தது. வரிசை எண் ஒன்று.

நோட்டீஸுக்குப் பின் இடிப்பதற்கு விசாரணை வேண்டும், விசாரணைக்குத் தேதி வேண்டும், தேதிக்கு அதிகாரி வேண்டும். அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் மூலையில் ஒரு கோணியைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு குந்தியே தூங்கினார்கள். கூரையில் ஒரு கைப்பிடி புல் செருகினாலும் வெளியிருப்புக் குற்றம் என்று வனக்காவலர் வந்து பார்த்துவிட்டுப் போவார். கொல்லைக்குப் போக ஒரு சீட்டு, புளியமரத்துக்குப் போக ஒரு சீட்டு, திரும்பி வீட்டுக்கு வர ஒரு சீட்டு. வீட்டுக்கு வருகிற சீட்டை மட்டும் அவர்கள் தருவதில்லை. வீடு வெளியே இருக்கிறதல்லவா?

"இன்னாதான் சொல்றாங்கோ?" என்று மாதம்மாள் கேட்பாள்.

"பாக்கறேன்றாங்க."

"நம்ம வூட்ட அவங்க பாத்ததே இல்லியே."

அவருக்கு அழுகையாக வந்தது. அப்பன் கட்டிய சுவர் அது. மண் கரைந்து கரைந்து இடுப்புயரம் கறையாகிவிட்டது. இன்னொரு மழை தாங்காது என்று இருவருக்கும் தெரியும். விசாரணைத் தேதியோ அடுத்த கோடைக்கு விழுந்திருந்தது.

கோடையில் முதல் மழை ஒரு சாயங்காலம் விழுந்தது. மறுநாள் தீர்த்தகிரி குளித்தார். சும்மாடு கட்டினார். சாமியைத் தூக்கித் தலையில் வைத்தார். மடியில் ஒரு பிடி சாமையை முடிந்துகொண்டார்.

"இந்த வருசம் எந்தக் கொல்லை?" என்றாள் மாதம்மாள்.

"கொஞ்சம் தூரம். வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும்."

அடிவாரத்தில் பஸ் கண்டக்டர் கல்லைப் பார்த்து, சாமியா சாமானா என்று கேட்டார். சாமிதான் என்றார் தீர்த்தகிரி. சாமிக்குச் சீட்டுப் போட நமக்கு ரூல் இல்லை என்று சொல்லி, சாமானுக்கு உள்ள சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். தீர்த்தகிரி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அலுவலகம் போய் வந்ததில் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அலுவலகத்தில் பாண்டுரங்கனின் அறை வாசலில் குரோட்டன்ஸ் வைத்த பெரிய மண்தொட்டி ஒன்று உண்டு. குரோட்டன்ஸ் தண்ணீரில்லாமல் எப்போதோ செத்துப்போயிருந்தது. தீர்த்தகிரி சாமியை இறக்கித் தொட்டி ஓரமாக வைத்தார். மஞ்சள் பூசி, மூன்று பொட்டு வைத்தார். தொட்டி மண்ணைக் கிளறி ஒரு பிடி சாமையைத் தூவினார். ரங்கசாமியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். விழுந்து கும்பிட்டார்.

"என்னய்யா இது?" என்று வெளியே வந்தார் பாண்டுரங்கன்.

"இந்த வருசம் முதல் விதை இங்கதாங்க சார்."

தொடக்கத்தில் அதிகாரி சிரித்தார். ராஜாக்கண்ணு சிரிக்கவில்லை. அவர் ஆணையை எடுத்தார், கல் இடம் மாறியதற்குச் சாட்சியாகப் பஸ் சீட்டைக் கோப்பில் தைத்தார், உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"சார், மண்கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் பறவை பறக்கிற தூரம் அறுநூறு சங்கிலி. நூறை அறுநூறால வகுத்தா ஆறுல ஒரு சங்கிலி. பதினோரு அடி. மலையில அந்தக் கல்லைச் சுத்திப் பதினோரு அடி, இங்க இந்தத் தொட்டியைச் சுத்திப் பதினோரு அடி. அவ்வளவுதான் சார் உள்ள. மத்ததெல்லாம் வெளிய."

டேப்பைப் பிடித்து அளந்தார்கள். அதிகாரியின் நாற்காலி பத்தரை அடியில் உள்ளே இருந்தது. அவர் மேஜையில் பாதி வெளியே. தட்டச்சுப் பொறி, பீரோ, ரங்கசாமியின் முக்காலி எல்லாம் வெளியே. ராஜாக்கண்ணு, தாமும் வெளியே இருப்பதாகப் பதிவுசெய்து, தமக்குத் தாமே ஒரு நோட்டீஸ் எழுதிப் பெற்றுக்கொண்டார்.

"அது பரவாயில்லை சார். துணை விதி ஏழு இருக்குது. கல்லுக்கு அஞ்சு சங்கிலிக்குள்ள கூரை இருக்கக்கூடாது. வரிசை எண்ணும் மாறிப்போச்சு. இப்ப ஒண்ணாம் எண் நம்ம ஆபீஸ். இவரு நானூத்தி பன்னண்டு."

"விதியை ரத்து செய்யலாமே!"

"செய்யலாம் சார். அதுக்கு உள்ளிருப்பு அலுவலகத்துல இருந்துதான் கடிதம் போவணும். டைப்ரைட்டர் வெளிய இருக்குதே."

பாண்டுரங்கன் கல்லைத் தூக்கப் போனார். ரங்கசாமி குறுக்கே வந்து நின்றான். சாமியைத் தொட வேண்டாம் சார், குடும்பம் இருக்கிறது எனக்கு என்றான். அளவைக் கல்லை அலுவலகத்தார் யாராவது நகர்த்தினால் ஆறு மாதம் உள்ளே போட வேண்டும் என்பது துணை விதி மூன்று. அதையும் எழுதியவர் பாண்டுரங்கன்தான்.

"யோவ்" என்றார் அதிகாரி. பிறகு, "பெரியவரே" என்றார். "இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்."

"அடுத்த கோடைல மொதல் மழை விழணும்ங்க. அதுக்கு முன்ன தொடக்கூடாது. வேணும்னா மனு ஒண்ணு எழுதிக் குடுங்க சார். சாமி முன்னால வெச்சிட்டுப் போறேன்."

அதில் கேலி ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பாண்டுரங்கன் மனு எழுதினார். எழுதிய பிறகுதான், அதில் தேதி போடவில்லை என்று தீர்த்தகிரி சொன்னார்.

தேன்பாறைக்குத் திரும்பி, மறு வாரம் தீர்த்தகிரி புல் அறுத்தார். காவலர் வந்து பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அது வர நாளாகும் என்று சொல்லி, மூங்கிலுக்கு ஒரு கை பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சுவரின் கறை மேல் மாதம்மாள் புது மண் பூசினாள்.

ஆடி மழைக்கு வீடு ஒழுகவில்லை. பாத்திரங்கள் எல்லாம் பரணில் இருந்தன. அன்று காலை அடிவாரம் போய் வந்தவர்கள் ஒடுகத்தூர்ச் சேதி கொண்டுவந்திருந்தார்கள். விதிப்படி முதல் கட்டமாக அலுவலகத்தின் ஓடுகளை இறக்கிவிட்டார்களாம். அதிகாரி குடை பிடித்துக்கொண்டு பதினோரு அடிக்குள் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறாராம். தொட்டியில் சாமை நன்றாகக் கதிர் வாங்கியிருக்கிறதாம்.

மாதம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாவம், அந்த மனுசன் நனைவாரே."

தீர்த்தகிரி காய்ந்த தரையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இரண்டு வருஷத்து அலுப்பு உடம்பெல்லாம் இருந்தது.

"மனு குடுத்திருக்காரு" என்றார். "பாக்கலாம்."